ஆயாசம் எந்த எபிசோடில் வருகிறது?

"அக்கா, தொழில்ல முன்னேற எந்த பாட்காஸ்டுக்கு சப்ஸ்கிரைப் பண்ணலாம்? நல்லதா நாலு சொல்லுங்க" என்று உங்கள் குழுவில் கேட்டிருந்தீர்கள். வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் நர்ஸ் பிள்ளைகள் நீங்கள். கேட்டதில் தவறில்லை. ஓய்வு பெற்றவள் வீட்டில் சும்மாதானே இருப்பாள் என்று நினைத்திருப்பீர்கள். நான் சும்மா இல்லை. கொதித்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே நாலு பெயரைத் தட்டி அனுப்புவதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாட்காஸ்டுக்கு நான் எதிரி இல்லை. வேலையை விட்ட பிறகுதான் அதைக் கேட்கவே ஆரம்பித்தேன். முட்டி வலியோடு அடுப்படியில் நின்று வெங்காயம் நறுக்கும்போது, சர்க்கரை நோயாளியின் கால் புண்ணைப் பற்றி ஒரு டாக்டரம்மா பேசுவதைக் கேட்பேன். அருமையாகப் பேசுவார். 'இதெல்லாம் அப்போதே தெரிந்திருந்தால்' என்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்ட நாட்கள் உண்டு. என் மகள் பெனிலாவும் நர்ஸ்தான். நான் வேலை பார்த்த அதே ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் சேர்ந்து இன்னும் வேலை உறுதியாகாத பெண். அவள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் போகும்போது கேட்பாள். அதுவும் ஒன்றரை மடங்கு வேகத்தில். ஒருநாள் கூடப் போனபோது கேட்டேன்.

"ஏட்டி, அந்த டாக்டரு குருவி கத்துற மாதிரி கத்துதாரு. என்ன புரியும் ஒனக்கு?"

"மெதுவாக் கேட்டா பஸ் ஸ்டாண்டு வந்துரும்மா. சாயங்காலத்துக்குள்ள ஸ்கிரீன்ஷாட் அனுப்பணும்."

ஸ்கிரீன்ஷாட். இங்கேதான் என் கோபம் தொடங்குகிறது.

நம் தொழிலில் 'ஓவர்' என்று ஒன்று உண்டு. மதியம் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறும்போது, போகிறவளும் வருகிறவளும் சேர்ந்து ஒவ்வொரு படுக்கையாக நடந்து, நின்று, பார்த்து, பேசி வார்டைக் கைமாற்றுவது. போகிறவள் ஓவர் கொடுப்பாள், வருகிறவள் ஓவர் எடுப்பாள். கேஸ் ஷீட்டில் இருப்பதைத்தான் சொல்வாள் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். அதில் இல்லாததைச் சொல்வதற்குத்தான் ஓவர்.

ஒருமுறை ஓவர் கொடுத்துவிட்டு சேத்தூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடிய ஒருத்தி, வாசல் கேட் வரை போனவள், திரும்ப ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, எட்டாம் பெட்டு பெரியவரு வலி இல்லம்பாரு, நம்பிராதிய. மிலிட்டரிக்காரரு, வலின்னு சொல்ல வெக்கப்படுவாரு. மொகத்தப் பாக்காதிய, கால்வெரலப் பாருங்க. சுருட்டி வச்சிருந்தாருன்னா வலிக்குதுன்னு அர்த்தம்."

"ஒன் பஸ்ஸு?"

"போயிருச்சு. போகட்டும் சனியன்."

எட்டாம் படுக்கைக்குப் போனேன். "எப்படி இருக்கு அய்யா?" என்றேன். "ஃபைன் சிஸ்டர்" என்றார், சல்யூட் அடிக்காத குறையாக. போர்வையை விலக்கினேன். பத்து விரலும் மடங்கிக் கிடந்தன. டாக்டரைக் கூப்பிட்டேன். தையல் போட்ட இடத்துக்குள் சீழ் வைக்கத் தொடங்கியிருந்தது. அந்தப் பெரியவரின் கால்விரலைப் பற்றி உலகத்தில் எந்த எபிசோடிலும் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். சேத்தூர் பஸ்ஸை விட்டவள் பேசினாள்.

நான் ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரிக்கு ஒரு புது மேனேஜர் வந்தார். டை கட்டியவர், மரியாதையாகப் பேசுபவர். ஒரே நேரத்தில் இரண்டு ஷிஃப்ட் ஆட்கள் வார்டில் நின்று பேசிக்கொண்டிருப்பது வீண் என்று அவருக்குத் தோன்றியது. இரண்டு மணிக்குப் போகிறவள் வருகைப் பதிவு மெஷினில் விரல் வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். நின்றால் ஏன் நின்றாய் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தகவலெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறதே, பார்த்துக்கொள்ளலாம். சரி, அப்படியானால் புதுப் பிள்ளைகள் எதை வைத்துக் கற்றுக்கொள்வார்கள்? அதற்கும் பதில் வைத்திருந்தார். எல்லோரும் இந்த பாட்காஸ்டுக்கு சப்ஸ்கிரைப் செய்யுங்கள். வாரம் ஓர் எபிசோட். கேட்டு முடித்ததற்கு ஸ்கிரீன்ஷாட். ஸ்கிரீன்ஷாட் விடுபட்டால் வேலை உறுதியாவது தள்ளிப்போகும்.

அந்த மாற்றத்தின் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். கற்றுக்கொடுப்பது ஆஸ்பத்திரியின் பொறுப்பாக இருந்தது. அதற்கு வேலை நேரத்தில் இடம் இருந்தது. 'சப்ஸ்கிரைப்' என்ற ஒரே சொல்லில் அதைத் தூக்கிப் பிள்ளைகளின் தலையில் வைத்துவிட்டார்கள். பஸ்ஸில், சமையலறையில், தூங்கும் நேரத்தில் அவர்களாகவே படித்துக்கொள்ள வேண்டும். இதற்குப் பெயர் 'தொழில்சார் வளர்ச்சி'. பெனிலா இதைச் சொன்னபோதே, இது நல்லதற்கில்லை என்றேன். என் வீட்டுக்காரர்தான், "ஒனக்கு எதுதான் நல்லதுக்கு, விடு" என்றார்.

பிறகு அந்த மதியம் வந்தது. நான் அங்கே இல்லை. பெனிலாவும், மற்றவர்களும் சொன்னதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

இரண்டு மணி ஷிஃப்டுக்குப் போனாள். அவளுக்கு முன்னால் இருந்தவள் விரல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். வார்டில் ஓர் அம்மா இருந்தார். ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுபவர். காலில் புண் என்று முந்தைய நாள் சேர்த்திருந்தார்கள். வேறு வியாதி எதுவும் கம்ப்யூட்டரில் இல்லை. பெனிலா போய் அவர் கையைத் தொட்டு, "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாள்.

"ஆயாசமா இருக்கும்மா" என்றார் அவர். "ரொம்ப ஆயாசம்."

பாவம், இரண்டு நாளாக ஆஸ்பத்திரிச் சாப்பாடு, தூக்கமில்லை, அசதியாகத்தானே இருக்கும் என்று பெனிலா நினைத்தாள். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். டூட்டி டாக்டருக்குப் போன் போட்டாள்.

"சார், அந்தக் கால் புண்ணு அம்மா ரொம்ப டயர்டா இருக்குங்காங்க."

"ஒரு பாட்டில் டிரிப் போட்டு விடும்மா. நான் ரவுண்ட்ஸ்ல பாக்கிறேன்."

போட்டாள். மற்ற படுக்கைகளைப் பார்க்கப் போனாள். சுற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது அந்த அம்மா கட்டிலின் ஓரத்தில் இரண்டு கையையும் ஊன்றி முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். தோள்பட்டை ஏறி ஏறி இறங்கியது. அவருடைய மகன், "படுங்கம்மா, மருந்து ஏறுதுல்ல, படுத்தாத்தான சரியாகும்" என்று தோளைப் பிடித்துச் சாய்க்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா மகனின் கையைத் தட்டிவிட்டார். உதடு நீலமாக இருந்தது.

இந்த இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். வேலைக்கு வந்து ஓராண்டு ஆகவில்லை. பக்கத்தில் கேட்க யாரும் இல்லை. டாக்டர் போடச் சொன்ன டிரிப் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்தும் அதிகாரம் அவளுக்கு இல்லை. அவள் முதலில் டிரிப்பைத்தான் மூடினாள்.

"ஏம்மா, டாக்டரு போடச் சொன்னத நீ எப்படி நிறுத்துவ?" என்று மகன் கத்தினார்.

"படுக்க வைக்காதீங்க சார். நிமித்திப் பிடிங்க. பின்னால நின்னு தாங்கிக்கிடுங்க." கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, ஆக்ஸிஜனை வைத்துவிட்டு, மறுபடியும் போன் போட்டாள். "சார், டிரிப்ப நிறுத்திட்டேன். அந்த அம்மாவுக்கு மூச்சு முட்டுது. ஒடனே வாங்க."

"யாரக் கேட்டும்மா நிறுத்தின?"

"வந்து திட்டுங்க சார்."

டாக்டர் ஓடி வந்தார். இதயம் பலவீனமாகி, நுரையீரலில் நீர் கோத்திருந்தது. அந்த அம்மாவுக்கு இதயத்தில் கோளாறு இருப்பது அன்று வரை அவர் வீட்டுக்கே தெரியாது. ஏற்கெனவே தண்ணீரில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தவருக்கு நாம் இன்னும் தண்ணீர் ஏற்றியிருக்கிறோம். இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருந்தால் அவர் பிழைத்திருக்க மாட்டார். ஐ.சி.யு.வுக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார். இப்போது வீட்டில் நடமாடுகிறார்.

அன்று பெனிலா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். தோசை ஊற்றவா என்றேன். பையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"அம்மா, ஆயாசம்னா என்ன?"

"யாரு சொன்னா?"

"தெலுங்கு பேசுறவங்க."

"மூச்சு வாங்குறது. நமக்குத்தான் அது அசதி. அவிய சொன்னா மூச்சு முட்டுதுன்னு அர்த்தம்."

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. அவள் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் சொல்ல முடியாது.

"ஒனக்குத் தெரியுமா?" என்றாள். "ஒனக்குத் தெரிஞ்சிருக்கு."

தெரியும். எனக்குச் சொன்னவள், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓவர் கொடுத்த ஒரு நர்ஸ். என் வயதுதான் இருக்கும், தெலுங்கு வீட்டுப் பெண். ஒரு பாட்டியின் படுக்கையருகே நின்று, "இவிய ஆயாசம்னா அசதின்னு எழுதிராத. எங்க பேச்சுல அது வேற" என்று போகிற போக்கில் சொன்னாள். அது பாடம் என்று அவளும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. அந்தப் பாட்டி எதிரில் இருந்ததால் அவளுக்கு ஞாபகம் வந்தது.

'உங்க மகளுக்கு நீங்களே சொல்லிக் குடுத்திருக்கலாமே' என்று இதற்குள் சிலர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். எனக்கு ரத்தம் கொதிக்கிறது. எனக்குள் இப்படி எத்தனை கிடக்கின்றன என்று எனக்கே தெரியாது. வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் ஒன்றுகூட வராது. நோயாளி எதிரில் இருந்து ஒரு சொல் சொன்னால்தான் வரும். அதற்காகத்தானே ஓவரை நின்று நடந்து கொடுக்கிறோம்? ஒரு நர்ஸின் தாயார் அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்திருந்தால்தான் அந்த ஆஸ்பத்திரியில் உயிர் பிழைக்கலாம் என்றால், தாயில்லாத பிள்ளைகளின் வார்டில் படுக்கிறவர்கள் என்ன ஆவார்கள்?

அன்று ராத்திரியே அந்தக் காலை ஷிஃப்ட் பெண் பெனிலாவுக்குப் போன் செய்து அழுதாள். "அந்த அம்மா காலையில இருந்தே படுக்கல பெனி. ஒக்காந்தேதான் கெடந்தாவ. ஒன்ட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். ரெண்டு மணிக்கு விரல் வைக்கணும்னு வெரட்டிட்டாவ." படுக்க முடியவில்லை என்பதைக் கேட்டிருந்தால், அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியாமலேகூட பெனிலா சுதாரித்திருப்பாள்.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். பெற்றோரோடு வர வேண்டுமாம். நர்ஸிங் படித்து முடித்து ஓர் உயிரைக் கையில் பிடித்து நிறுத்தியவள், பள்ளிக்கூடத்தில் சுவரில் கிறுக்கிய பிள்ளை மாதிரி அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வீட்டுக்காரர் கிளம்பும்போதே எச்சரித்தார். "சண்ட போட்ராத. அவ ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டெல்லாம் அங்கதான் இருக்கு. கையெழுத்துக் கேட்டா போட்டுட்டு வந்துருங்க. பொறவு பாத்துக்கிடலாம்." அவர் பயம் எனக்கும் இருந்தது. பஸ்ஸில் போகும்போது, "போட்டுரலாம்ட்டி" என்று நானும் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று காதில் எதையும் மாட்டவில்லை.

அறையில் மேனேஜர் இருந்தார். பக்கத்தில் நர்ஸிங் சூப்பிரண்டு, என்னோடு வேலை பார்த்தவர், தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மேனேஜர் ஒரு தாளை நகர்த்தினார். நோயாளியின் குறையைத் தவறாகத் தெரிவித்ததும், அனுமதியின்றி டிரிப்பை நிறுத்தியதும் தன்னுடைய தவறு என்றும், 'நோயாளியோடு உரையாடுதல்' எபிசோடைக் கவனமாகக் கேட்காததே அதற்குக் காரணம் என்றும் எழுதியிருந்தது. கீழே பெனிலா கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் வேலை இருக்கும். ஆனால் நாளைக்கு அந்தக் குடும்பம் வழக்கென்று வந்தால் முழுப் பழியும் அந்தக் கையெழுத்தின்மேல்தான் விழும்.

"மேடம், நீங்களே சீனியர்" என்று என்னிடம் சிரித்தார். "அந்த எபிசோட ஒழுங்காக் கேட்டிருந்தா இது நடந்திருக்காது. ஸ்கிரீன்ஷாட் மட்டும் அனுப்பிட்டா ஆச்சா? எடுத்துச் சொல்லுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் பெனிலா தன் போனை மேஜையின் நடுவில் வைத்தாள்.

"இப்பவே கேப்போம் சார். ஆயாசம் எந்த இடத்துல வருதுன்னு காட்டுங்க. கையெழுத்துப் போட்டுர்றேன்."

"என்னம்மா இது?"

"நீங்க சொன்ன எபிசோடுதான் சார்."

போட்டாள். இந்த முறை வேகம் கூட்டவில்லை. 'ஹலோ ஹெல்த்கேர் ஹீரோஸ்!' என்று உற்சாகமான ஒரு குரல் அந்த அறையை நிரப்பியது. பின்னால் இசை. நோயாளியின் கண்ணைப் பார்த்துப் பேசுங்கள் என்றது குரல்.

"பாத்தேன்" என்றாள் பெனிலா.

அவர் பெயரைச் சொல்லி அழையுங்கள்.

"மொத நாளே கேட்டு வச்சிருந்தேன்."

புன்னகை செய்யுங்கள், மென்மையாகத் தொடுங்கள்.

"கையத் தொட்டுத்தான் கேட்டேன் சார். அதுக்குத்தான் ஆயாசம்னாங்க."

மேனேஜர் கையை நீட்டிப் போனை நிறுத்தினார். பெனிலா மறுபடியும் போட்டாள். "இன்னும் முடியல சார். பின்னால வருதோ என்னவோ." அவர் முகத்தைப் பார்த்தேன். அடுத்து என்ன வரும் என்று அவருக்கும் தெரியவில்லை. ஊரையெல்லாம் கேட்கச் சொன்ன எபிசோடை அவர் அன்றுதான் முதல்முறையாகக் கேட்கிறார். எனக்கு இருந்த பயமெல்லாம் அந்த நொடியில் ஆத்திரமாக மாறியது.

"சார், இதுல ஒரு வார்த்தை தப்பில்ல" என்றேன். "நல்லாத்தான் பேசுறாங்க. ஆனா இவுக மெட்ராஸ்ல எங்கயோ ஒரு ரூமுக்குள்ள இருந்து பேசுறாங்க. ஒங்க வார்டுல யாரு படுத்திருக்காங்கன்னு இவுகளுக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சவள ரெண்டு மணிக்கு விரல் வைக்கச் சொல்லி வெளிய அனுப்பிட்டீங்க. டிரிப்ப நிறுத்துனது தப்புன்னு எழுதியிருக்கீங்களே, நிறுத்தலைன்னா இப்ப யாருகிட்ட கையெழுத்து வாங்கிட்டிருப்பீங்க?"

குரல் பேசிக்கொண்டே இருந்தது. எல்லோரும் கேட்டோம். கடைசியில், பிடித்திருந்தால் நண்பர்களுக்கும் பகிருங்கள், மறக்காமல் சப்ஸ்கிரைப் செய்யுங்கள் என்று முடிந்தது. ஆயாசம் வரவில்லை.

அதுவரை தலை நிமிராத சூப்பிரண்டு, "ரெண்டு மணிக்கு ஓவர் நடந்திருந்தா நானே பக்கத்துல நின்னுருப்பேன் சார்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். சொன்னாரே.

பெனிலா போனை எடுத்துக்கொண்டாள். தாளை மேனேஜர் பக்கமே திருப்பி வைத்தாள். "எனக்கு ரெண்டு மணிக்கு டூட்டி சார்" என்று எழுந்து போய்விட்டாள். யாரும் தடுக்கவில்லை.

அந்தத் தாள் இன்னும் கையெழுத்தில்லாமல் அவர் மேஜையில்தான் கிடக்கிறது. அவளுடைய வேலையும் இன்னும் உறுதியாகவில்லை. ஓவர் வேண்டாம் என்ற உத்தரவும் அப்படியே இருக்கிறது. ஆனால் காலை ஷிஃப்ட் பிள்ளைகள் விரலை வைத்துவிட்டுத் திரும்ப வார்டுக்கு வந்து படுக்கை படுக்கையாகச் சொல்லிவிட்டுப் போகிறார்களாம். கேள்விப்பட்டபோது என் கோபம் இன்னும் கூடியது. சொந்த நேரத்தைக் கொடுத்துத்தான் அந்தப் பிள்ளைகள் அதைச் செய்ய வேண்டியிருக்கிறது. நீங்களும் செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். செய்யுங்கள். ஆனால் அது ஏன் வேலை நேரத்தில் இல்லை என்பதை வாரா வாரம் கேட்டுக்கொண்டே இருங்கள். தனியாகக் கேட்காதீர்கள், சேர்ந்து கேளுங்கள்.

கேட்ட நாலு பெயரைக் குழுவில் தனியாக அனுப்புகிறேன். கால் புண் டாக்டரம்மாவைக் கட்டாயம் கேளுங்கள்.

போன வாரம் மேனேஜரிடமிருந்து எல்லோருக்கும் செய்தி வந்தது. அந்த வாரம் கேட்க வேண்டிய எபிசோட், 'மன அழுத்தத்தை வெல்வது எப்படி'. மாலைக்குள் ஸ்கிரீன்ஷாட். பெனிலா அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"கேட்டுட்டு அனுப்பிரு ஏட்டி. எதுக்கு வம்பு?" என்றேன்.

"நீ கேளும்மா" என்றாள், சட்டினியைத் தொட்டுக்கொண்டே. "ஒனக்குத்தான் வேணும்."

அவள் டூட்டிக்குப் போன பிறகு கேட்டேன். மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொன்னார்கள். நல்லபடியாகத்தான் சொன்னார்கள். மணி இரண்டாகும் வரை இழுத்து விட்டேன். பிறகு போனை எடுத்து, 'ஓவர் எடுத்தாச்சா?' என்று அவளுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, பதில் வரும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.